ஃபேனுக்குத் தனிக் காசு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் உடன் இருப்பவர்களும் நல்ல சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாமா வேன் ஓட்டப் போகும்போது இடுப்புக்கு பெல்ட் போடுகிறாரா, இல்லை பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறாரா?

திடீரென்று கடிதம் வந்ததும் பதறியிருப்பாய். ஒன்றுமில்லை. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இப்போதைக்குக் கடிதம்தான். எழுதி ஆபீஸில் கொடுத்தால் அவர்களே தபாலில் சேர்த்துவிடுகிறார்கள். நீ போடும் கடிதமும் ஆபீஸ் முகவரிக்கே வரட்டும்.

வேலை பழகிவிட்டது. அலுமினியச் சட்டங்களை அளந்து அறுத்து ஜன்னலாகப் பூட்டி அனுப்புகிறோம். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். என் மேல் கட்டிலில் இருப்பவனை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிறோம். தூக்கத்தில்கூட செய்தி வாசிப்பான். சூப்பர்வைசர் நம் மொழிக்காரர். அந்த வகையில் நிம்மதி.

இந்தத் தடவை பணம் கொஞ்சம் குறைவாக வரும். சில்லறைச் செலவுகள். வேறொன்றும் இல்லை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 1

என் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம், உன் உடம்பைப் பார்த்துக்கொள். முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. மாமாவின் பெல்ட் நீ சொன்ன ஆணியில்தான் தொங்குகிறது. உனக்கு எப்படித் தெரிந்தது?

போன் விழுந்தால் புதுசு வாங்க வேண்டியதுதானே? சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கிறாயா என்று சந்தேகமாக இருக்கிறது. உண்மையைச் சொல்.

இங்கே ஒரு நல்ல சேதி. நீ அனுப்பிய பணத்தில் பின்பக்கம் தகரம் போட்டுக் கட்டினோமே, அந்த அறைக்கு ஆள் வந்துவிட்டார்கள். டைல்ஸ் ஒட்ட எங்கேயோ தூரத்திலிருந்து வந்தவர்கள், நான்கு பேர். நம் பேச்சு அவ்வளவாக வராது. அவர்களில் சுருட்டை முடிக்காரன் ஒருவன் மட்டும் தட்டுத் தடுமாறிப் பேசுகிறான், என்னை அக்கா என்கிறான். வாடகை தனி, கரண்ட் தனி. உன் மாமா பக்கத்துத் தெருவில் விசாரித்துவிட்டு வந்து, ஃபேனுக்கு இவ்வளவு, லைட்டுக்கு இவ்வளவு, போன் சார்ஜ் போட்டால் போனுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டார். நமக்கு வருகிற கரண்ட் பில் மொத்தமும் அவர்கள் காசிலேயே அடைந்து மேலே மிஞ்சுகிறது. மாடி கட்ட வாங்கிய கடனுக்கு அது உதவுகிறது. நீ கட்டிய வீடு சும்மா இருக்கவில்லை, அதுவும் சம்பாதிக்கிறது.

சந்தோஷம்தானே?

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. அந்த நான்கு பேரும் எந்த ஊர்க்காரர்கள்? அவர்களே சமைத்துக்கொள்கிறார்களா? அந்த அறையில் ஒரு ஃபேன்தான் மாட்டினோம் என்று நினைவு. தகரத்துக்குக் கீழே சூடு இறங்காமல் அட்டை அடிக்கச் சொல்லியிருந்தேன். அடித்தீர்களா?

இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

இன்னொன்று. வாடகை, கரண்ட் என்று வீட்டு விஷயங்களைக் கடிதத்தில் விவரமாக எழுத வேண்டாம். கடிதம் பல கை மாறி வருகிறது.

தம்பி

ஏப்ரல் 15

என் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ எழுதிய கடிதம் தந்தி மாதிரி இருந்தது. காகிதத்துக்கும் அங்கே பஞ்சமா?

பல கை மாறினால் மாறட்டுமே! நாம் என்ன திருட்டுக் கணக்கா எழுதுகிறோம்? நம்மை யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று நீ பயப்படுகிறாய் போல. உன் அக்கா அவ்வளவு அசடு இல்லை. போன மாதம் சுருட்டை முடிக்காரன் வந்து நின்றான். "அக்கா, கரண்ட் ரொம்ப அதிகம். மீட்டர் பாத்து வாங்குங்க அக்கா" என்றான். நான் விடவில்லை. "கஷ்டமா இருந்தா வேற ரூம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். வேறு எங்கே போவார்கள்? தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே எண்ணி வைத்துவிட்டார்கள். மாமாவுக்கே ஆச்சரியம், "உனக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்காளா!" என்று சிரித்தார்.

அட்டை அடிக்கவில்லை. மாடி வேலை முடியட்டும், பார்க்கலாம்.

நீ எப்போது புதுப் போன் வாங்கப் போகிறாய்? உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அக்கா

மே 12

தம்பி,

நலமா? பதிலே இல்லை. போன கடிதம் கிடைத்ததா? கோபமா? போன் வாங்கச் சொன்னது தப்பா? செலவு என்றால் வேண்டாம், நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வரி போடு.

அக்கா

ஜூன் 3

தம்பி,

மாமாவை உட்கார வைத்து உன் கம்பெனி ஆபீஸுக்குப் போன் போடச் சொன்னேன். நம் பேச்சுப் பேசுகிற ஒருவர் எடுத்தார். "நல்லாத்தான் இருக்கான். வேலையில இருக்கான்" என்றார். ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்கள் என்று மாமா கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நல்லாத்தான் இருக்கான் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் முன்னால்தான் யாரோ அதையே கேட்டு அவர் சலித்துப்போன மாதிரி இருந்தது.

என்னவென்றாலும் எழுது. நான் தாங்குவேன். எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

ஜூன் 20

அக்கா,

இதைக் கொண்டுவந்து கொடுப்பவன்தான் ரேடியோ. அழுக்குத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவருவான். முதலில் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. உடம்பு சரியில்லாதவன்.

நான் உயிரோடு, கை கால் ஒழுங்காக இருக்கிறேன். அதை முதலில் நம்பு. இனி உண்மையை எழுதுகிறேன்.

போன் தண்ணீரில் விழவில்லை. ரேடியோ எங்கள் அறையைப் படம் எடுத்தான் என்று எல்லோருடைய போனையும் வாங்கி ஆபீஸில் பூட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட் வந்த அன்றே போய்விட்டது. நாங்கள் எழுதுவதை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், எங்களுக்கு வருவதைப் பிரித்துத்தான் தருவார்கள். எல்லாவற்றையும் படிப்பவர் சூப்பர்வைசர். நம் மொழிக்காரர் என்று நிம்மதியாக எழுதினேனே, அவர்தான்.

சம்பளத்தில் கரண்டுக்கு என்று பிடிக்கிறார்கள். அறை வாசலில் மீட்டர் இருக்கிறது, அது என்ன ஓடினாலும் கவலையில்லை, தலைக்கு இவ்வளவு. அதுவும் பட்டறைக்கு வெளியே குடும்பங்கள் கட்டுவதைப் போலப் பல மடங்கு. காசும் வாங்கிக்கொண்டு பகலில் மெயினை அணைத்துவிடுவார்கள். இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவன் எப்படித் தூங்குவான்? நாங்கள் துண்டை நனைத்து மேலே போட்டுக்கொள்வோம். திரும்பிப் படுப்பதற்குள் காய்ந்துவிடும்.

வெயில் ஏறியதும் எல்லோருமாகப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். பேச என்னை நிறுத்தினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "மீட்டரப் பாத்து வாங்குங்க சார். ஓடுனதுக்குக் குடுக்கறோம். பகல்ல ஃபேன் மட்டும் ஓடட்டும்" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. உள்ளே போனார், உன் கடிதத்தை எடுத்துவந்தார், மேஜை மேல் ஏறாத குறையாக நின்றுகொண்டு படித்தார்.

நீ பின் அறைக்காரர்களுக்குச் சொன்ன பதிலை இரண்டு தடவை படித்தார். "இவன் வீட்ல இப்படித்தான் வாங்கறாங்க. இவன் இங்க வந்து நியாயம் பேசறான். உனக்கும் அதே பதில்தான் தம்பி. கஷ்டமா இருந்தா வேற ரூம் பாத்துக்கோ" என்றார். அதோடு விடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஃபேனுக்குத் தனிக் காசு என்றார். "யோசனை உங்க அக்காவோடது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. ரேடியோ மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக எதுவும் பேசாமல் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் இரவு வேலை முடித்துவிட்டுப் படுத்தவனை எழுப்பினால் அவன் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். இனி அவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று பாஸ்போர்ட்டையும் போனையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நான் இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த அறையைக் கட்டப் பணம் அனுப்பியவன் நான். அட்டை அடிக்கச் சொன்னதோடு விட்டவனும் நான். உன்னை மட்டும் எப்படிச் சொல்வேன்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு மத்தியானம் பின் அறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்.

பதிலை ஆபீஸுக்கு அனுப்பாதே. பட்டறை வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் நல்ல மனிதர். முகவரி ரேடியோவிடம் இருக்கிறது.

தம்பி

ஜூலை 5

தம்பி, என் கண்ணே,

உன் கடிதத்தை நான் படித்து முடிக்கும் வரை ரேடியோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கேயே சாப்பிட்டான். உடம்பு தேறி வருகிறது, பேச்சு முழுக்கத் தேறிவிட்டது. அவனைப் பற்றிக் கவலைப்படாதே.

விடுமுறை நாளன்று மத்தியானம் பின் அறைக்குப் போனேன். வாடகைக்கு விட்டதிலிருந்து நான் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. நான்கு பேரும் தரையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சுருட்டை முடிக்காரன் துள்ளி எழுந்தான். எழுந்தவன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? ஃபேனை அணைத்தான்.

வா என்றுகூடச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்ததும் அவன் கை தானாக ஸ்விட்சுக்குப் போயிற்று.

"போடுப்பா" என்றேன். "பரவால்ல அக்கா. நாங்க இப்பதான் போட்டோம். கொஞ்ச நேரம்தான் போட்டோம்" என்கிறான். நானே போய்ப் போட்டேன். அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தகரம் தலைக்கு மேலே அடுப்பு மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர்கள் பயந்துபோய் யார் வீட்டில் சாவு என்று கேட்டார்கள்.

மறுநாள் மாமாவோடு சண்டை. "ஊர்ல எல்லாரும் வாங்கறாங்க, நாம மட்டுமா?" என்றார். "ஊர்ல எல்லாரும்தான் என் தம்பிகிட்டயும் வாங்கறாங்க" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனார். கரண்ட் ஆபீஸுக்குத்தான் போயிருக்கிறார். எல்லாம் ஒரே மீட்டரில் ஓடுவதால் யூனிட் ஏறி, கட்டணமும் மேல்படிக்குப் போகிறதாம். பின் அறைக்குத் தனி இணைப்பு வாங்கினால் எல்லோருக்கும் குறையுமாம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது தோளில் அட்டைக் கட்டு. வந்த கையோடு ஏணியை எடுத்தார். அதிகமாக வாங்கியதைக் கையில் கொடுக்க இப்போது வழியில்லை, வாடகையில் கழித்துவிடுகிறோம் என்று சுருட்டையிடம் சொன்னோம். அவன் நம்பவில்லை. இரண்டு மாதம் போனால் நம்புவான்.

ரேடியோவின் போனில் உங்கள் அறைப் படங்கள், மீட்டர் படம் எல்லாம் அழியாமல் இருக்கின்றன. அவர்கள் அதைப் பூட்டி வைத்தார்களே தவிர, திறந்து பார்க்கவில்லை. வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்காக இங்கே இருக்கும் அலுவலகத்துக்கு அவனும் நானும் போகலாம் என்றிருக்கிறோம். ஆனால் நீ அங்கே அவர்கள் கையில் இருக்கிறாய். உன்னைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன்.

சூப்பர்வைசர் என் கடிதத்தைப் படித்தாரல்லவா? எனக்கு இன்னொரு கடிதம் அவர் படிக்கும்படி எழுத வேண்டும். எழுதட்டுமா?

அக்கா

ஜூலை 17

அக்கா,

டீக்கடையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். சுகம்.

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஃபேனை அணைத்தான் என்ற இடத்தில் ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். பிறகு வந்து, "உங்க அக்காவப் போகச் சொல்லு. எம் பேரையும் சேத்துக் குடுக்கச் சொல்லு" என்றான். அறையில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது.

பயம் இருக்கிறது. இருந்தாலும் போ. கடிதமும் எழுது.

தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கும், இதை முதலில் படிக்கப்போகிற சூப்பர்வைசர் ஐயாவுக்கும் வணக்கம்.

தம்பி, நாங்கள் சுகம். ஐயா, நீங்கள் சுகமா? உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

ஐயா, போன தடவை என் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் இருந்ததெல்லாம் நான் எழுதியதுதான், ஒரு எழுத்தும் நீங்கள் கூட்டவில்லை. அதனால் உங்கள் மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்று. பாதியில் நின்ற கதையைத்தான் படித்திருக்கிறீர்கள். மீதியையும் படியுங்கள்.

பின் அறையில் மீட்டர் மாட்டிவிட்டோம். ஓடியதற்கு மட்டும் வாங்குகிறோம். முன்பு அதிகம் வாங்கியதை வாடகையில் கழிக்கிறோம். கடன் தவணை இழுக்கத்தான் செய்கிறது, என் வீட்டுக்காரர் சாயங்காலமும் வேன் ஓட்டுகிறார். ஆனால் இப்போது நான் பின்பக்கம் துணி காயப்போடப் போனால் அவர்கள் ஃபேனை அணைப்பதில்லை.

உங்கள் பட்டறை விஷயத்தை இங்கே உரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். படங்களோடு அது அங்கே உள்ள தொழிலாளர் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மிரட்டவில்லை ஐயா. உங்களுக்குத் தெரியாமல் செய்தது போல இருக்கக் கூடாது என்று சொல்கிறேன். உங்களையும் யாரோ ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார வைத்துத்தானே இதைச் செய்யச் சொல்கிறார்? அவரைத்தான் நாங்கள் கேட்கிறோம். என் தம்பி மேல் கை வைத்துவிடாதீர்கள்.

இதையும் சத்தமாகப் படியுங்கள்.

தம்பி, நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மிக்க சுகம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, உண்மையிலேயே சுகம். மாமா இரண்டு வேளை வேன் ஓட்டுகிறார் என்றால் பெல்ட்டை நீயே கட்டிவிடு.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சூப்பர்வைசர் மேஜையிலேயே கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்துக்கு அதோடு வந்தார். எல்லோரும் தட்டில் கை வைத்தபடி நிறுத்திவிட்டோம். நேராக என்னிடம் வந்து நீட்டினார். "நீயே படி" என்றார். எழுந்து நின்று படித்தேன். அவருக்கு நீ சொன்ன வணக்கத்தையும் விடவில்லை. அவர் கதவோரம் நின்று முடியும் வரை கேட்டார். முடிந்ததும் போய்விட்டார். அன்று மத்தியானம் மெயினை யாரும் அணைக்கவில்லை.

பிறகு தொழிலாளர் துறையிலிருந்து வந்தார்கள். ஒரு பெண் அதிகாரி, கூட இரண்டு பேர். அறைக்குள் வந்து கட்டில் மேல் ஏறித் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார் அந்த அம்மா. முதலாளியை வரவழைத்து ஆபீஸ் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பாஸ்போர்ட்டுகளை மேஜையில் பரப்பி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கிய பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. யாருடையது என்று அந்த அம்மா பிரித்துப் பார்த்துக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் வரிசையில் வந்து நின்றார்.

அது காலாவதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது அக்கா. உள்ளே இருந்த படத்தில் அவருக்குத் தலை நிறைய முடி. வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

இப்போது அறைக்கு அறை மீட்டர் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள், வெளியே எல்லோரும் கட்டுகிற அதே கட்டணம். போன்கள் வந்துவிட்டன. ஏற்கெனவே பிடித்ததில் கொஞ்சம்தான் திரும்ப வந்தது. மீதிக்கு வழக்கு என்கிறார்கள், பார்ப்போம். முதலாளி தன் பழி முழுவதையும் சூப்பர்வைசர் தலையில் இறக்கிவிட்டார். அவருக்கு இருந்த தனி அறையும் போயிற்று, வேலையும் இறங்கிற்று. என் பக்கத்து மெஷினில் சட்டம் அறுக்கிறார்.

எந்த அறையிலும் அவரைச் சேர்க்க ஆள் இல்லை. எங்கள் அறையில் ரேடியோவின் கட்டில் காலி. ஃபேனுக்கு நேர் கீழே இருப்பது அதுதான், இங்கே எல்லோருக்கும் அதன் மேல் கண். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். யாரும் வா என்று சொல்லவில்லை. "வராந்தாவுல படுக்கட்டும்" என்று ஒருவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். அவர் என்னைப் பார்த்து, "இங்க ஃபேனுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நான் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். "எல்லாரும் பங்கு போட்டுக்கறோம். உங்களோட சேத்து எட்டுப் பேர். உங்களுக்கும் ஒரு பங்கு" என்றேன். மேலே ஏறிப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். வராந்தா என்று சொன்னவன்தான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தான்.

விடுமுறை நாளில் போனில் பேசுகிறேன், பேசித் தீர்த்துவிடுவோம். ஆனாலும் நீ ஒரு கடிதம் போடு அக்கா. அவருக்குக் கடிதம் எழுத ஊரில் யாரும் இல்லையாம். உன் வணக்கம்தான் இங்கே வந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் விசாரிப்பாம். இந்தத் தடவை அவர் பெயருக்கே எழுது. நாங்கள் பிரிக்கமாட்டோம்.

தம்பி